பன்னிரண்டு கிண்ணங்களும் எழுபத்திரண்டு உயிர்களும்: கெய்ரோவின் அல் அஹ்லி கழகம் சொல்லும் கதை

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை நேரப்படி அதிகாலை ஐந்தரை மணி. அமெரிக்காவின் மியாமி நகரில் அப்போது சனிக்கிழமை இரவு. கழகங்களுக்கான பீபா உலகக் கிண்ணத்தின் ஆரம்பப் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் லியோனல் மெஸ்ஸியின் இன்டர் மியாமி. உலகத்தின் கமராக்கள் எல்லாம் அவருக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தன. நான் தேநீரை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சீருடையில் எகிப்தின் அல் அஹ்லி.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்திருந்த அந்த அரங்கில் சிவப்புச் சட்டைக்காரர்களின் சத்தம் தனியாகக் கேட்டது. போட்டி கோல்கள் இன்றி முடிந்தது. அல் அஹ்லி ஒரு பெனால்டியையும் தவறவிட்டது. விளையாட்டுப் பக்கங்கள் மறுநாள் மெஸ்ஸியைப் பற்றி எழுதின. எனக்கோ அந்தச் சிவப்புக் கூட்டத்தின் சத்தம்தான் மனதில் நின்றது. சொந்த நாட்டில் பல வருடங்களாக அரங்குக்குள் நுழையவே அனுமதிக்கப்படாத ஒரு கூட்டத்தின் சத்தம் அது.

ஆபிரிக்காவில் அதிக கிண்ணங்களை வென்ற கழகம் எது என்று கேட்டால் உதைபந்தாட்டம் தெரிந்த எவரும் தயங்காமல் அல் அஹ்லி என்பார்கள். அதன் இரசிகர்களிடம் வெற்றிகளைப் பற்றிக் கேட்டால் 12 என்ற எண்ணைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சு வளர்ந்தால் 72 என்ற எண்ணும் வரும். முதலாவது, அந்தக் கழகம் வென்ற ஆபிரிக்க சம்பியன் பட்டங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, ஒரே இரவில் ஒரு மைதானத்தில் பறிக்கப்பட்ட அதன் இரசிகர்களின் எண்ணிக்கை. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அல் அஹ்லியை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

மாணவர்கள் தொடங்கிய கழகம்

1907ஆம் ஆண்டு எகிப்து பிரித்தானியரின் பிடியில் இருந்தது. கெய்ரோவில் இருந்த விளையாட்டுக் கழகங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கும் பிற வெளிநாட்டவருக்கும் உரியவை. உயர்கல்வி மாணவர்களின் அமைப்பொன்றுக்குத் தலைமை தாங்கிய சட்டத்தரணி ஓமர் லுத்பி, எகிப்திய மாணவர்கள் கூடிப் பேசவும் விளையாடவும் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து அவ்வருடம் ஏப்ரல் 24ஆம் திகதி உருவானதுதான் இந்தக் கழகம். 'அஹ்லி' என்றால் தேசத்துக்குரியது, மக்களுக்குரியது என்று பொருள்.

இதில் ஒரு முரண் உண்டு. கழகத்தின் முதலாவது தலைவர் மிச்சல் இன்ஸ் என்ற ஆங்கிலேயர். அனுமதியும் நிதியும் பெறுவதற்கு அப்படியொரு பெயர் தேவைப்பட்ட காலம் அது. ஆனாலும் 1909இல் கூடிய முதலாவது பொதுச்சபைக்குத் தலைமை வகித்தவர் சாத் ஸக்லூல். பத்து வருடங்களின் பின், 1919இல், பிரித்தானியருக்கு எதிரான மக்கள் எழுச்சியின் முகமாக மாறிய அதே ஸக்லூல்தான். 1925இல் எகிப்தியர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று கழகம் விதியை மாற்றிக்கொண்டது.

1911இல் பெல்ஜியச் சட்டத்தரணி ஒருவர் தொடங்கிய மற்றொரு கழகம், பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 1952இல் ஸமாலிக் என்ற பெயரைப் பெற்றது. கெய்ரோவை இரண்டாகப் பிரிக்கும் அஹ்லி – ஸமாலிக் போட்டியின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒன்று தேசியவாதிகளின் கழகம், மற்றது வெளிநாட்டவர் வழிவந்த கழகம் என்ற பழைய பிரிவு இன்று கதையாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இன்றைக்கு இரண்டு பக்கமும் ஏழைகளும் இருக்கிறார்கள், பணக்காரரும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி வெள்ளை என்பதும் சாதாரணம்.

அரசு என்ன நினைக்கும் என்று பாராமல் நடந்த காலமும் அல் அஹ்லிக்கு உண்டு. 1940களில், அதன் நட்சத்திர வீரர் மொக்தார் அல் திட்ச் தலைமையில், அதிகாரத்தின் தடையை மீறிப் பலஸ்தீனத்துக்குச் சென்று விளையாடியதைக் கழகத்தின் வரலாறு இன்றும் பெருமையோடு சொல்லும். கெய்ரோவில் நைல் நதித் தீவில் உள்ள கழகத்தின் பழைய மைதானம் அவரது பெயரிலேயே இருக்கிறது.

கிண்ணங்களின் கணக்கு

எகிப்திய லீக் 1948இல் ஆரம்பித்தபோது முதலாவது சம்பியன் அல் அஹ்லி. 2025 வரையில் 45 தடவைகள் அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறது. ஆபிரிக்கக் கண்டத்தின் உயரிய கழகக் கிண்ணத்தை முதன்முதலில் 1982இல் கானாவின் அசாந்தே கொட்டோகோவை வீழ்த்திக் கைப்பற்றியது. 1987இல் சூடானின் அல் ஹிலாலை வென்று இரண்டாவது. அக்காலத்தின் நாயகன் மஹ்மூத் அல் கத்தீப். இரசிகர்களின் செல்லப் பெயரில் 'பீபோ'. 1983இல் ஆபிரிக்காவின் சிறந்த வீரராகத் தெரிவான அவர், 2017இல் கழகத்தின் தலைவரானார்.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2000ஆம் ஆண்டில் ஆபிரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் அல் அஹ்லியை நூற்றாண்டின் கழகமாக அறிவித்தபோது ஸமாலிக் இரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்த நேரத்தில் அல் அஹ்லியைவிட அதிகமாகச் சம்பியன் கிண்ணங்களை ஸமாலிக் வைத்திருந்தது என்பது அவர்களின் வாதம். அது பொய்யும் அல்ல. இந்த வாதம் இன்றுவரை கெய்ரோவின் தேநீர்க் கடைகளில் தீரவில்லை.

வாதத்துக்குப் பதில் மைதானத்தில் கிடைத்தது. போர்த்துக்கல் நாட்டுப் பயிற்றுவிப்பாளர் மனுவல் ஜோசே வந்த பின் 2001, 2005, 2006, 2008 என்று கிண்ணங்கள் வரிசையாக வந்தன. இவற்றில் 2006ஆம் ஆண்டுக் கிண்ணம் தனியாகப் பேசப்படும். அந்த ஓகஸ்ட் மாதம் அணியின் இளம் வீரர் மொஹமட் அப்துல்வஹாப் பயிற்சியின்போது மைதானத்திலேயே விழுந்து இறந்தார். வயது 22. அவரது இழப்போடு இறுதிப்போட்டிக்குச் சென்ற அணி, முதலாவது ஆட்டத்தைச் சொந்த மண்ணில் 1–1 என்று சமன் செய்திருந்தது. தூனிசியாவில் நடந்த இரண்டாவது ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தால் கிண்ணம் எதிரணியான ஸ்பாக்ஸியன் கழகத்துக்கு. மேலதிக நேரத்தில், 92ஆவது நிமிடத்தில், மொஹமட் அபூதிரிகா இடது காலால் அடித்த பந்து வலைக்குள் போனது. எகிப்தில் அந்தக் கோலைப் பார்த்தபோது தான் எங்கே இருந்தேன் என்பதை மறந்த இரசிகர் ஒருவரும் இருக்கமாட்டார். அதே வருட இறுதியில் ஜப்பானில் நடந்த கழக உலகக் கிண்ணத்தில் அல் அஹ்லி மூன்றாம் இடம் பெற்றது.

பின்னர் 2012, 2013, 2020, 2021, 2023, 2024 என்று இன்னும் ஆறு கிண்ணங்கள். அடுத்த இடத்தில் இருக்கும் ஸமாலிக்கிடமும் கொங்கோவின் மஸெம்பேயிடமும் தலா 5 கிண்ணங்களே உண்டு. இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு இது போதும். 2020 இறுதிப்போட்டியில் அஹ்லியும் ஸமாலிக்கும் நேருக்கு நேர் மோதின. 86ஆவது நிமிடத்தில் மொஹமட் மக்டி அடித்த கோலால் அஹ்லி 2–1 என வென்றது. நூற்றாண்டின் இறுதிப்போட்டி என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்டம் கொரோனா காரணமாக வெற்று அரங்கில் நடந்தது. எகிப்தியருக்கு அது புதிய அனுபவம் அல்ல. வெற்று அரங்கோடு அவர்கள் அதற்கு முன்பே பல வருடங்கள் வாழ்ந்திருந்தார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கதையின் மறுபாதி.

பார்வையாளர் பகுதியில் வளர்ந்தவர்கள்

2007இல் அல் அஹ்லி இரசிகர்களுக்குள் 'அல்ட்ராஸ் அஹ்லாவி' என்ற குழு உருவானது. 90 நிமிடமும் நின்றபடி பாடுவது, பெரும் பதாகைகளை விரிப்பது, தீப்பந்தம் கொளுத்துவது, எந்த ஊருக்கும் அணியைப் பின்தொடர்வது. ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் ஏற்கனவே இருந்த வழக்கம்தான் இது. ஆனால் எகிப்தில் அதற்கு வேறொரு பொருள் வந்தது.

ஹொஸ்னி முபாரக்கின் ஆட்சியில் கட்சியும் தொழிற்சங்கமும் மாணவர் அமைப்பும் கண்காணிப்பில் இருந்தன. பல்லாயிரம் இளைஞர்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒன்றுசேர்ந்து ஒரே குரலில் சத்தமிடக்கூடிய இடமாக உதைபந்தாட்ட அரங்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. பொலிஸார் அவர்களைச் சோதனையிட்டார்கள், அடித்தார்கள், போட்டிக்கு முதல் நாள் வீடுகளில் வைத்துக் கைது செய்தார்கள். அந்த இளைஞர்கள் பொலிஸாருக்குப் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். கண்ணீர்ப்புகைக்குள் எப்படி நிற்பது, கலைந்து எப்படி மீண்டும் கூடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு ஞாயிறும் வியாழனும் கிடைத்த பாடங்கள்.

2011 ஜனவரி 25இல் எழுச்சி தொடங்கியபோது அந்தப் பாடம் தஹ்ரீர் சதுக்கத்தில் பயன்பட்டது. பெப்ரவரி 2ஆம் திகதி குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்த ஆட்சி ஆதரவாளர்கள் சதுக்கத்தைத் தாக்கியபோது முன்வரிசையில் நின்றவர்களில் அஹ்லி இரசிகர்களும் ஸமாலிக் இரசிகர்களும் இருந்தார்கள். ஒருவரையொருவர் வெறுத்தவர்கள் அன்று தோளோடு தோள் நின்றார்கள். முபாரக் போனார். ஆட்சி இராணுவ சபையின் கைக்குப் போனது. அல்ட்ராஸ் இளைஞர்கள் இப்போது இராணுவ சபைக்கு எதிராகவும் அரங்கில் பாடத் தொடங்கினார்கள்.

2012 பெப்ரவரி 1

அந்த ஒட்டகத் தாக்குதல் நடந்து ஒரு வருடம் நிறைவதற்கு முதல் நாள். சுயஸ் கால்வாயின் வட முனையில் உள்ள துறைமுக நகரமான போர்ட் சயீட்டில், அந்நகரின் அல் மஸ்ரி கழகத்துக்கும் அல் அஹ்லிக்கும் இடையில் லீக் போட்டி. அல் மஸ்ரி 3–1 என்று வென்றது. வென்ற அணியின் இரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கத்தி, பொல்லு, போத்தல் என்று கையில் எடுத்துக்கொண்டு அஹ்லி இரசிகர்கள் இருந்த பகுதிக்கு ஓடினார்கள். வரிசையாக நின்ற பொலிஸார் அசையவில்லை. அரங்கின் விளக்குகள் அணைந்தன. அஹ்லி இரசிகர்கள் வெளியேற வேண்டிய வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. நெரிசலில் மூச்சடைத்தும், அடிபட்டும், வெட்டுப்பட்டும், மேலிருந்து வீழ்ந்தும் மொத்தம் 74 பேர் இறந்தார்கள். அவர்களில் 72 பேர் அஹ்லி இரசிகர்கள். பலர் பாடசாலை மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும். காயப்பட்டவர்கள் ஐந்நூறுக்கும் மேல்.

காயப்பட்டவர்களை அணியின் உடைமாற்றும் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். வீரர்களின் கண் முன்னாலேயே சிலர் இறந்தார்கள். ஓர் இளைஞன் அபூதிரிகாவின் கைகளிலேயே உயிரை விட்டான். அன்றிரவு அபூதிரிகா, மொஹமட் பரகாத், இமாத் மெதெப் ஆகிய மூவரும் இனி விளையாடப் போவதில்லை என்றார்கள். பின்னர் திரும்பி வந்தார்கள். ஆனால் திரும்பி வந்தவர்கள் பழைய ஆட்கள் இல்லை.

இது வெறும் இரசிகர் சண்டை என்றது அதிகாரம். எழுச்சியில் நின்றதற்காகத் தரப்பட்ட தண்டனை என்றார்கள் அல்ட்ராஸ். பாராளுமன்றத்தின் உண்மை கண்டறியும் குழு இரசிகர்களின் வன்முறையோடு பாதுகாப்புத் தரப்பின் பொறுப்பையும் சுட்டிக்காட்டியது. திட்டமிட்டுச் செய்தார்களா, நடக்கட்டும் என்று விட்டார்களா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் தெளிவான பதில் இன்றுவரை வரவில்லை. பூட்டிய கதவும் அசையாமல் நின்ற பொலிஸும் மட்டும் எல்லோரும் பார்த்த உண்மைகள்.

யார் தண்டிக்கப்பட்டார்கள்?

2013 ஜனவரி 26ஆம் திகதி 21 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கெய்ரோவில் அஹ்லி கழகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கொண்டாடினார்கள். போர்ட் சயீட்டிலோ, தண்டிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சிறைச்சாலையை நோக்கி ஓடினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று மட்டும் அந்த நகரத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்யச் சென்ற ஊர்வலத்திலும் அடுத்த நாள் உயிர்கள் போயின.

இந்த இடத்தில் போர்ட் சயீட் மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1956இல் பிரித்தானியாவும் பிரான்ஸும் குண்டுவீசிய நகரம் அது. 1967 யுத்தத்தின் பின் கால்வாய்க் கரை நகரங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டு, கெய்ரோவிலும் டெல்டா ஊர்களிலும் வருடக்கணக்கில் அகதிகளாக வாழ்ந்தார்கள். நாட்டுக்காக அடிபட்டோம், தலைநகரம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கோபம் அங்கே பரம்பரையாக உண்டு. 1920இல் தொடங்கப்பட்ட அல் மஸ்ரி கழகத்தின் பெயருக்கு 'எகிப்தியன்' என்று பொருள். வெளிநாட்டவர் ஆண்ட துறைமுகத்தில் உள்ளூர்க்காரர் தமக்கென்று உருவாக்கிய கழகம் அது. அல் அஹ்லி பிறந்த அதே காரணத்துக்காகப் பிறந்த கழகம். அந்த இரண்டு கழகங்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றார்கள், அல்லது கொல்ல விடப்பட்டார்கள்.

2013 மார்ச்சில் தீர்ப்பு முழுமையாக அறிவிக்கப்பட்டபோது, குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பொலிஸ் அதிகாரிகளில் ஏழு பேர் விடுதலையானார்கள். இருவருக்கு 15 ஆண்டுச் சிறை. மறுவிசாரணையில், 2015இல், நகரின் முன்னாள் பாதுகாப்புப் பணிப்பாளருக்குக் கிடைத்தது 5 ஆண்டுகள். 2017 பெப்ரவரியில் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 10 பேரின் மரண தண்டனையை உறுதி செய்தது. தண்டனையின் பாரம் கீழே இருந்தவர்கள் மேல் இறங்கியது. மேலே போகப் போக அது இலேசானது. கெய்ரோவில் தாய்மாருக்கு நீதி கிடைத்ததா என்றால் இல்லை. போர்ட் சயீட்டில் தாய்மாருக்குக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பக்கத்துத் துயரத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திவிட்டால், கதவைப் பூட்டியவர் யார் என்ற கேள்வி தானாகவே மறைந்துவிடும். எகிப்தில் நடந்தது அதுதான் என்பது என் கருத்து.

லீக் இல்லாத வருடத்தில் வென்ற கிண்ணம்

படுகொலையின் பின் 2011–12 லீக் இரத்துச் செய்யப்பட்டது. உள்நாட்டு லீக் இல்லாமல் அல் அஹ்லி ஆபிரிக்கக் கிண்ணத்தில் விளையாடியது. நவம்பர் 17ஆம் திகதி தூனிசியாவில் எஸ்பெரான்ஸை 2–1 என்று வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. அந்த வெற்றி இறந்த 72 பேருக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. கழகத்தின் 12 கிண்ணங்களில் அதன் இரசிகர்கள் சிரித்துக்கொண்டே அழுத கிண்ணம் இது.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், செப்டம்பரில், நாட்டின் சுப்பர் கிண்ணப் போட்டியை நடத்த அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும் வரை உதைபந்தாட்டம் வேண்டாம் என்றார்கள் இரசிகர்கள். அணியில் ஒருவர் மட்டும் அவர்கள் பக்கம் நின்று விளையாட மறுத்தார். அபூதிரிகா. கழகம் அவருக்கு இரண்டு மாதத் தடையும் அபராதமும் விதித்தது. 2008 ஆபிரிக்கக் கிண்ணத்தில் காஸா மக்களுக்கு அனுதாபம் தெரிவிக்கும் வாசகத்தைச் சட்டைக்குள் அணிந்து வந்து காட்டி, மஞ்சள் அட்டை வாங்கிய அதே அபூதிரிகாதான்.

கழகத்தின் இன்னொரு முகம்

அல் அஹ்லியை நேசிப்பவர்களுக்குக் கசப்பான பகுதி இது. மக்கள் கழகம் என்ற பெயர் கொண்ட நிர்வாகம், அதிகாரத்துக்கு எதிராக எழுந்த ஒவ்வொரு தருணத்திலும் மக்களோடு நிற்கவில்லை. 2013 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஓகஸ்டில் ரபா சதுக்கத்தில் எதிர்ப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் அல் அஹ்லி ஒர்லாண்டோ பைரேட்ஸை வென்று எட்டாவது கிண்ணத்தை எடுத்த இரவில், கோல் அடித்த அஹ்மத் அப்துல் ஸாஹிர் நான்கு விரல்களை உயர்த்தினார். அது ரபாவில் இறந்தவர்களுக்கான அடையாளம். கழகம் அவரை இடைநிறுத்தி, விற்பனைப் பட்டியலில் போட்டது.

அபூதிரிகாவின் சொத்துக்கள் 2015இல் முடக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட முஸ்லிம் சகோதரத்துவ அமைப்புக்கு நிதி உதவினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். 2017 ஜனவரியில் அவரது பெயர் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்போது கட்டாரில் இருந்த அவர், அடுத்த மாதம் தந்தை இறந்தபோது இறுதிச் சடங்குக்கு ஊர் வரவில்லை. வந்திருந்தால் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கலாம். நாட்டுக்காக இரண்டு ஆபிரிக்கக் கிண்ணங்களையும் கழகத்துக்காக ஐந்து கிண்ணங்களையும் வெல்ல உதவிய ஒருவர், தொலைக்காட்சி ஆய்வாளராக வெளிநாட்டில் இருந்துகொண்டே தன் கழகத்தைப் பார்க்கவேண்டியதாயிற்று.

காலியாக்கப்பட்ட ஆசனங்கள்

2015 பெப்ரவரி 8ஆம் திகதி கெய்ரோவில் இன்னொரு அரங்கின் வாசலில், கம்பிக்கூண்டு போன்ற குறுகிய பாதைக்குள் அடைபட்ட ஸமாலிக் இரசிகர்கள் மீது பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். நெரிசலில் 20 பேர் இறந்தார்கள். உள்ளே போட்டி நிறுத்தப்படவில்லை. விளையாட மறுத்த ஸமாலிக் வீரர் ஓமர் காபிரை அவரது கழகம் இடைநிறுத்தியது. அதே வருடம் மே மாதம் நீதிமன்றம் ஒன்று எல்லா அல்ட்ராஸ் குழுக்களையும் தடை செய்தது.

2016 பெப்ரவரி முதலாம் திகதி, நான்காவது நினைவு நாளில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அல் திட்ச் மைதானத்தில் கூடி இராணுவத் தலைமைக்கு எதிராகக் கோஷமிட்டார்கள். அன்றிரவே ஜனாதிபதி சிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொலைபேசியில் வந்தார். உங்களில் பத்துப் பேரைத் தெரிவு செய்து அனுப்புங்கள், அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து விசாரிக்கலாம் என்றார். இளைஞர்கள் மறுத்துவிட்டார்கள். வழக்கில் ஒரு தரப்பாக இருக்கும் நாங்களே நீதிபதியாகவும் இருக்க முடியாது என்பதும், பொறுப்பான அதிகாரிகளை விசாரிக்க வேண்டும் என்பதும் அவர்களின் பதில். இந்தப் பதிலை வாசித்தபோது நான் சற்று நேரம் நிறுத்திவிட்டேன். எத்தனை ஆணைக்குழுக்கள் முன்னால் நாங்கள் போய் இருந்திருக்கிறோம் என்று எண்ணத் தோன்றியது.

2018 மே மாதம் அல்ட்ராஸ் அஹ்லாவி தம்மைத் தாமே கலைப்பதாக அறிவித்தது. பெரிய பதாகையை எரித்தார்கள். அந்த உலகத்தில் பதாகை எரிந்தால் குழு முடிந்தது என்று அர்த்தம். அதன் பின் இரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரங்குக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். இணையத்தில் அடையாள விபரங்களைக் கொடுத்துப் பதிவு செய்து, இரசிகர் அட்டை பெற்று, அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். யார் எந்த ஆசனத்தில் இருக்கிறார் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். முன்பு பெயரில்லாத கூட்டமாக இருந்ததுதான் அந்த இளைஞர்களின் பலம். இப்போது கூட்டம் தனித்தனி ஆட்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பத்து வருடங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. கிண்ணங்களுக்கு அரசு ஒருபோதும் தடை போடவில்லை. வெற்றியை அதற்கும் பிடிக்கும், வெற்றியோடு படம் எடுக்கவும் பிடிக்கும். அதற்குப் பிடிக்காதது அந்த வெற்றியைச் சுற்றிக் கூடும் மக்களை. எனவே அணியை வைத்துக்கொண்டு மக்களை வெளியே நிறுத்தியது. இறந்தவர்களை நினைவுகூரலாம், ஆனால் அமைப்பாகக் கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குற்றவாளி யார் என்று சொல்லக்கூடாது.

இனி என்ன?

மைதானத்தில் அல் அஹ்லிக்கு இப்போது சவால்கள் உண்டு. 2025இல் ஆபிரிக்கக் கிண்ணத்தின் அரையிறுதியில் தென்னாபிரிக்காவின் மமெலோடி சண்டவுன்ஸ் அதை வெளியேற்றியது. கிண்ணம், வளைகுடாப் பணத்தில் வளர்ந்த பிரமிட்ஸ் என்ற மற்றொரு கெய்ரோ கழகத்துக்குப் போனது. அவ்வருடம் மார்ச்சில் வெளிநாட்டு மத்தியஸ்தர்கள் வேண்டும் என்று கோரி, ஸமாலிக்குடனான போட்டிக்கே அல் அஹ்லி வரவில்லை. அந்தச் சர்ச்சைக்கு நடுவில்தான் 45ஆவது லீக் பட்டத்தை வென்றது. மத்தியஸ்தருக்காக மைதானத்தைப் புறக்கணிக்கத் தெரிந்த கழகம் 72 பேருக்காக அப்படிச் செய்யவில்லையே என்று பழைய இரசிகர் ஒருவர் கேட்டால் நிர்வாகத்திடம் நல்ல பதில் இருக்காது.

அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் அல் அஹ்லி முதல் சுற்றோடு வெளியேறியது. ஆனால் கடைசி ஆட்டத்தில் போர்ட்டோவுக்கு எதிராக நான்கு கோல்கள் அடித்து 4–4 என்று சமன் செய்தது. அவற்றில் மூன்றை அடித்தவர் வெஸாம் அபூ அலி. டென்மார்க்கில் பிறந்தவர், காஸாவை வேராகக் கொண்ட குடும்பம், பலஸ்தீனத் தேசிய அணிக்கு விளையாடுபவர். காஸா எரிந்துகொண்டிருந்த நாட்களில், அல் திட்ச் பலஸ்தீனத்துக்கு அணியைக் கூட்டிச் சென்று எண்பது வருடங்களின் பின், ஒரு பலஸ்தீனர் அதே சிவப்புச் சட்டையில் உலகத்தின் முன்னால் மூன்று கோல்கள் அடித்தார். நிர்வாகங்கள் வளைந்து கொடுத்தாலும் ஒரு கழகத்துக்குள் பழைய நினைவு எங்கோ உயிரோடுதான் இருக்கிறது.

எங்கள் அனுபவத்தையும் எகிப்தியரின் அனுபவத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. இழப்பின் அளவும் காரணமும் வேறு. ஆனால் இறந்தவர்களின் பெயரைச் சொல்வதற்கே அனுமதி கேட்கவேண்டிய நிலை என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அமைப்புகள் தடை செய்யப்படலாம், பதாகைகள் எரிக்கப்படலாம், ஆசனங்களுக்கு இலக்கமிட்டுப் பெயர் எழுதலாம். இவை எல்லாம் அங்கே நடந்து முடிந்துவிட்டன.

2019இல் எகிப்தில் ஆபிரிக்கக் கிண்ணம் நடந்தபோது, அத்தனை கட்டுப்பாடுகளுக்கும் நடுவில், 22ஆவது நிமிடத்தில் அரங்கிலிருந்து அபூதிரிகாவின் பெயர் எழுந்தது. 22 அவரது சட்டை இலக்கம். அஹ்லியின் ஆட்டங்களில் 72ஆவது நிமிடம் வரும்போது போர்ட் சயீட்டில் இறந்தவர்களை நினைத்துக் குரல் எழுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் அணி முன்னணியில் இருக்கலாம், பின்தங்கியும் இருக்கலாம். கூட்டம் அதைப் பொருட்படுத்துவதில்லை.